பயன்பாட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சந்தாவை நிறுத்தலாமா?

கேள்வி: பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் நூலகராக இருக்கிறேன். மின்னிதழ்ச் சந்தாவுக்கான ஒதுக்கீடு மூன்று வருடமாக உயரவில்லை. 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டதே, தனிச் சந்தா எதற்கு என்று நிதிப் பிரிவு கேட்கிறது. பயன்பாடு குறைந்த ஜர்னல்களை நிறுத்தச் சொல்லி ஃபைலும் வந்துவிட்டது. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: நிதிப் பிரிவு கேட்பது நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டால் மற்றதைப் பேசுவது சுலபம்.

அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்காக மத்திய அரசே மொத்தமாக ஜர்னல்களுக்குச் சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட் ஒருங்கிணைக்கிறது. இதில் உங்கள் ஆய்வகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தலைமையகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் சந்தாப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு ஜர்னலாகத் திட்டத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பதிப்பகத்தின் பெயர் இருந்தால் போதாது. அந்த ஜர்னல் இருக்கிறதா, எந்த ஆண்டு இதழ் முதல் படிக்கலாம் என்பதையும் பார்க்க வேண்டும். ஏஐஏஏ (விண்வெளிப் பொறியியல்), எஸ்பிஐஇ (ஒளியியல்) போன்ற சங்கங்களின் மாநாட்டுக் கட்டுரைகள், ஏஎஸ்டிஎம் அமைப்பின் பொருள்-சோதனைத் தர ஆவணங்கள், ஜேன்ஸ் நிறுவனத்தின் ராணுவத் தரவுகள் என நம் துறைக்கே உரியவற்றைத் தனித்தனியாகச் சரிபாருங்கள். பொதுத் திட்டங்களில் இடைவெளி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டு பக்கமும் வருவதற்கு நாம் மறுபடி பணம் கட்டக் கூடாது. அதைத் தயங்காமல் நிறுத்துங்கள். ஆனால் மிச்சமாகும் தொகையை முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்து, கணக்குத் தலைப்பைப் பூஜ்யமாக்க விடாதீர்கள். இப்போதைய அனுமதி 2027 வரைக்கும்தான். பூஜ்யமான தலைப்பில் மறுபடி பணம் வாங்குவது, இருக்கிற தொகையைக் கூட்டிக் கேட்பதைவிடப் பல மடங்கு கடினம். மிச்சத் தொகையைத் திட்டத்தில் வராத ஜர்னல்களுக்கும் ஆவணங்களுக்கும் மாற்றக் கேளுங்கள்.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். பதிப்பகங்கள் ஒரே பொது முறையில் எண்ணித் தரும் பயன்பாட்டு அறிக்கைகளுக்குக் கவுன்ட்டர் அறிக்கைகள் என்று பெயர். அவற்றில் டிஆர்_ஜே1 என்பது, எல்லோருக்கும் திறந்திருக்கும் கட்டுரைகள் நீங்கலாக ஒவ்வொரு ஜர்னலும் எத்தனை முறை எடுக்கப்பட்டது என்று காட்டும். சந்தாத் தொகையை அந்த எண்ணால் வகுத்தால் ஒரு பயன்பாட்டுக்கான செலவு. 3 லட்சம் ரூபாய் ஜர்னல் 30 முறை எடுக்கப்பட்டிருந்தால் ஒன்றுக்கு 10,000 ரூபாய். கல்லூரி நூலகத்தில் இந்தக் கணக்கை நம்பி முடிவெடுக்கலாம்.

நம் ஆய்வகங்களில் இதை அப்படியே நம்பக் கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. விஞ்ஞானியின் மேசைக் கணினி உள் வலைப்பின்னலில் இருக்கும். இணையம் தனி அறையில், தனிக் கணினியில். கட்டுரை வேண்டுமென்றால் எழுந்து அங்கே போக வேண்டும், அல்லது நூலகரிடம் சொல்லி எடுக்க வேண்டும். எடுத்த ஒரு கட்டுரையை மேசையில் வைத்துக் குழு முழுவதும் படிக்கும். பதிப்பகத்தின் சர்வர் அதை ஒரே ஒரு பயன்பாடாகத்தான் எண்ணும். இன்னொன்றும் உண்டு. ஒரு குறிப்பிட்ட பொருளைப் பற்றி வெளிநாட்டு சர்வரில் அடிக்கடி தேடினால் அதுவே ஒரு தகவல் என்று தெரிந்தவர்கள், தேடலைக் குறைத்துக்கொள்வார்கள். அது சரியான எச்சரிக்கைதான். ஆனால் அதன் விலையைச் சந்தாப் பட்டியல் கொடுக்கிறது.

அதனால் இன்றே ஒரு பதிவேடு தொடங்குங்கள். யார் கேட்டார், எந்த ஜர்னல், எந்தப் பிரிவுக்கு, கிடைத்ததா இல்லையா, இவ்வளவு போதும். எந்த ஆய்வுப் பணிக்காக என்று எழுத வேண்டியதில்லை. எழுதவும் கூடாது. கூடவே டிஆர்_ஜே2 அறிக்கையை எடுங்கள். உரிமம் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட முயற்சிகள் அதில் இருக்கும். எதை நிறுத்தலாம் என்று எல்லோரும் பேசும்போது, எது கிடைக்காமல் ஆட்கள் திரும்பிப் போகிறார்கள் என்று சொல்வது நூலகரின் வேலை. நான் பணியில் இருந்த ஒரு நூலகத்தில் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒரு ஜர்னலை நிறுத்தினோம். அதைப் படித்தவர்கள் ஐந்தாறு பேர்தான். ஆனால் அந்தத் துறையில் எங்களிடம் இருந்ததே அந்த ஐந்தாறு பேர். கட்டுரை கட்டுரையாக வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு அனுமதி ஃபைல் போட வேண்டியிருந்ததால், கேட்பதையே விட்டுவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பட்ஜெட் போடும்போது சென்ற ஆண்டுத் தொகையை அப்படியே எழுதாதீர்கள். ஒரு பேச்சுக்கு 20,000 டாலர் தொகுப்பு, டாலர் 85 ரூபாய் என்று வையுங்கள்: 17 லட்சம், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 20,06,000. பதிப்பகம் 5 சதவீதம் ஏற்றினால் 21,000 டாலர். பணம் போகும் நாளில் டாலர் 88 ஆனால் 18,48,000. ஆன்லைன் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3,32,640. மொத்தம் 21,80,640. ஒரு ஜர்னல்கூடக் கூடவில்லை, செலவு மட்டும் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் லட்சம் கூடிவிட்டது. பட்டம் வழங்கும் கல்வி நிறுவனங்களுக்கு 2018இல் ஆன்லைன் ஜர்னல்களுக்கு வரிவிலக்கு வந்தது; ஆய்வகத்துக்கு அது கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். இந்த நான்கு வரிக் கணக்கை ஃபைலின் முதல் பக்கத்திலேயே வையுங்கள். ஒதுக்கீடு உயரவில்லை என்றால் உண்மையில் குறைந்திருக்கிறது என்று அதிகாரிக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

முடிந்தால் மூன்றாண்டு ஒப்பந்தம் கேட்டு, ஆண்டு உயர்வுக்கு உச்சவரம்பு வாங்குங்கள். சந்தா நின்றாலும் பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் நமக்கே என்ற நிரந்தர அணுக்க உரிமையையும் எழுத்தில் வாங்குங்கள். 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு நம் ஆய்வகங்கள் பல அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தன. அவற்றில் சில 2011 ஜனவரியில்தான் நீக்கப்பட்டன. வெளியான ஜர்னல்கள் அந்தத் தடைக்குள் நேராக வராது என்றாலும், வேறொரு நாட்டு சர்வரை மட்டும் நம்பியிருப்பது நமக்குப் பாதுகாப்பல்ல.

முகவர் மூலம் வாங்கினால் முன்பணத்தில் கவனம் வேண்டும். 2014 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஸ்வெட்ஸ் என்ற பெரிய சந்தா முகவர் நிறுவனம் திவாலானபோது, பணம் கட்டியிருந்த நூலகங்கள் பல மாட்டிக்கொண்டன. ஒரே பதிப்பகம் விற்கும் தொகுப்பு என்றால் பொது நிதி விதிகள் 2017இன் 166ஆம் விதிப்படி தனியுரிமைப் பொருள் சான்று (இதை இவர்கள் மட்டுமே தர முடியும் என்ற சான்று) வைத்து நேராகவே வாங்கலாம்.

சந்தா ஜனவரியில் தொடங்குகிறது, நம் நிதியாண்டு ஏப்ரலில். ஆகவே ஜூலையில் பதிவேட்டையும் அறிக்கைகளையும் தொகுத்து, ஆகஸ்டில் பிரிவுத் தலைவர்களிடம் பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்கி, செப்டம்பரில் விலைப்புள்ளி கேட்டுவிடுங்கள். நவம்பரில் ஃபைல் தொடங்கினால் நிதி ஆலோசகரின் முதல் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதும்போதே அணுக்கம் நின்றுபோயிருக்கும்.