நிலத்தை விற்காதீர்கள், பையனை ஐ.டி.ஐ.யில் சேருங்கள்

சகோதரி, சென்ற வாரம் ஓசூரிலிருந்து மகனை அழைத்துக்கொண்டு வந்து, அவனை அடுத்து எதில் சேர்ப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்டீர்கள். அதற்கான பதில் இது. அன்று கூட்டம் அதிகமாக இருந்ததால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற பெற்றோரும் படிக்கட்டும் என்பதற்காகப் பெயரை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். இயற்பியலில் நல்ல மதிப்பெண், கணிதத்தில் தட்டுத்தடுமாறித் தேர்ச்சி. பெரியப்பா ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி வைத்திருக்கிறார். அதற்கு நன்கொடை கொடுக்க, இருக்கிற நிலத்தில் பாதியை விற்பதாக யோசனை. மகனோ கோடை விடுமுறை முழுவதும் பெங்களூருவில் மாமாவோடு சுற்றியிருக்கிறான். பப்களில் டிராஃப்ட் பீர், அதாவது பீப்பாயிலிருந்து குழாய் வழியாக ஊற்றும் பீர், வழங்கும் கருவிகளைப் பழுது பார்ப்பது மாமாவின் தொழில். அதையே தானும் செய்யப்போவதாகப் பையன் சொன்னதும் வீட்டில் சோறு இறங்கவில்லை. "சாராயக் கடை வேலைக்கா இவனைப் பெற்றேன்?" என்று கேட்டீர்கள்.

கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகும் என்று சொல்லி அனுப்புவது எளிது. அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலத்தை விற்காதீர்கள். நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ரசீது இல்லாமல் கொடுக்கும் பணத்தை நாளை எந்த அலுவலகத்திலும் போய்க் கேட்க முடியாது. கணிதத்தைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளையை, நான்கு ஆண்டுகளும் கணிதம் துரத்திக்கொண்டே வரும் படிப்பில் விற்ற காசைக் கட்டிச் சேர்ப்பது அவனுக்குச் செய்யும் நன்மையே இல்லை. பெரியப்பாவின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் போய் உட்காரப்போவது அவர் இல்லை. மற்ற பட்டப் படிப்புகளைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாரும் சொல்லாத ஒன்றைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

அன்று உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகனிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "கிளாஸ் முழுக்க நுரையாக வருகிறது. நீ முதலில் எங்கே பார்ப்பாய்?" பையன் பேனாவை வாங்கிப் படம் போட்டான். குளிர் அறை, அதற்குள் கெக் எனப்படும் எஃகுப் பீப்பாய், கரியமில வாயு சிலிண்டர், ரெகுலேட்டர், கெக்கின் தலையில் மாட்டும் கப்ளர், அங்கிருந்து கவுன்டர் வரை பீரைக் கொண்டுபோகும் லைன், கடைசியில் திறந்து ஊற்றும் குழாய். பிறகு சொன்னான்: "முதல் கிளாஸை ஊற்றிவிட வேண்டும் சார். இரண்டாவது கிளாஸில் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும்."

ஏன் இரண்டாவது என்று கேட்டேன். இரவு முழுக்கக் குழாயில் நின்ற பீர் அறையின் சூட்டை வாங்கியிருக்கும், அதை அளந்தால் கெக்கின் நிலை தெரியாது என்றான். முதல் கிளாஸ் மட்டும் நுரைத்தால் குழாய் நிற்கும் தூணுக்குள் குளிர் போய்ச் சேரவில்லை. எல்லா கிளாஸும் நுரைத்தால் குளிர் அறையையும் வாயு அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். கப்ளருக்குப் பக்கத்தில் லைன் தெளிவாக ஓடி, குழாய்முனையில் மட்டும் நுரை கிளம்பினால் வாஷர் தேய்ந்திருக்கும், குழாய்க்குள் அழுக்கு இருக்கும், அல்லது ஊற்றுபவர் குழாயைப் பாதிதான் திறந்திருப்பார். மருத்துவர் காய்ச்சலுக்குக் காரணம் தேடுவது போல ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். இதை அவனுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை.

இன்னும் ஒன்று சொன்னான். அதில்தான் எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. நுரை அதிகமானால் பப்பில் இருப்பவர்கள் உடனே வாயு அழுத்தத்தைக் குறைத்துவிடுவார்களாம். அது தலைகீழ் வைத்தியம். ஒரு லிட்டர் பீரில் சுமார் 2.5 லிட்டர் கரியமில வாயு கரைந்திருக்கிறது. ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸ் குளிரும் 12 பி.எஸ்.ஐ. அளவில் அழுத்தமும் சேர்ந்துதான் அதைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கின்றன. பீர் சூடானால் வாயு பிரிந்து நுரையாகிறது. அந்த நேரத்தில் அழுத்தத்தையும் குறைத்தால் வாயு லைனிலேயே பிரியும், நுரை கூடும், கெக்கில் மிஞ்சிய பீரும் வாயு இழந்து சப்பென்று ஆகிவிடும். பல நேரங்களில் மூல காரணம் மிகச் சாதாரணமானது. வெயிலில் லாரியில் வந்த கெக்கை அன்று மாலையே இணைத்திருப்பார்கள். குளிர் அறைக்குள் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தால் கோளாறே வந்திருக்காது. 50 லிட்டர் கெக்கில் ஐந்தில் ஒரு பங்கு நுரையாகச் சாக்கடைக்குப் போனால் 10 லிட்டர் நஷ்டம். அதை நிறுத்துகிறவருக்கு முதலாளி பணம் கொடுக்காமல் இருக்க மாட்டார்.

சுவை கெடுவது இன்னொரு வகைக் கோளாறு. புளிப்போ பழைய வெண்ணெய் வாடையோ வந்தால் லைனுக்குள் கிருமி படிந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காஸ்டிக் சோடா என்னும் காரக் கரைசலைக் குறைந்தது 15 நிமிடம் லைனில் சுழலவிட்டு, காரம் துளியும் தங்காமல் கழுவ வேண்டும். கழுவிய நீரைக் காரம் மிச்சமிருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் பி.எச். தாளில் சோதிக்காமல் லைனைத் திறக்கக் கூடாது, குடிப்பவரின் தொண்டை வெந்துவிடும். சுண்ணாம்பு போல ஒட்டும் படிவுக்குக் காஸ்டிக் போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அமிலக் கரைசலால் கழுவ வேண்டும். குளிர் அறைக்கும் கவுன்டருக்கும் தூரம் அதிகம் என்றால், பீர் லைனோடு, உறையாமல் இருக்க கிளைக்கால் என்ற திரவம் கலந்த குளிர்நீர்க் குழாயும் சேர்ந்தே ஓடும். அந்த நீரைக் குளிர்விக்கும் சில்லர் என்ற இயந்திரத்தையும் பழுது பார்ப்பவர்தான் பராமரிக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மதுவின் மேல் உங்களுக்கு இருக்கும் வெறுப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் அது என்ன செய்தது என்று நீங்கள் சொன்னதைக் கேட்டேன். ஆனால் மகன் கற்றுக்கொள்ளப்போகும் கைத்தொழில் குளிர்பதனம். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பால் குளிரூட்டும் நிலையத்துக்குள் போய்ப் பாருங்கள். கறந்த பாலை 4 டிகிரிக்குக் கொண்டுவரும் தொட்டி, அதை இயக்கும் கம்ப்ரஸர், குழாய்களைக் கழுவக் காஸ்டிக், பிறகு அமிலம். ஏறக்குறைய அதே வேலைதான். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கும் மருத்துவக் கிடங்குக்கும் இதே கைகள் வேண்டும். பப் வேண்டாம் என்று நாளைக்கு அவனுக்கே தோன்றினால் பால் பக்கம் போகலாம், மருந்துப் பக்கம் போகலாம். நிலத்தை விற்றுப் பிடிக்காத படிப்பில் உட்கார்ந்தவனுக்கு அப்படி மாறிக்கொள்ளும் வழி இருக்காது.

உங்கள் தம்பிக்கும் ஒரு வார்த்தை. பையனை இப்போதே அழைத்துப் போகிறேன் என்கிறார். கூடாது. சான்றிதழ் இல்லாமல் போனால் ஆயுள் முழுக்கக் கெக் தூக்கும் உதவியாளாகவே வைத்துவிடுவார்கள். நிறைந்த 50 லிட்டர் கெக் 60 கிலோவுக்கு மேல் எடை, இடுப்பு போய்விடும். அது மட்டுமா? கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, நிறமும் மணமும் இல்லாதது. மூடிய குளிர் அறையில் கசிந்தால் ஆளைச் சாய்த்துவிடும். வாயுக் கசிவைக் காட்டும் அலாரம் இல்லாத அறைக்குள் தனியாகப் போகாதே என்று அவனிடம் நான் சொல்லியிருக்கிறேன். மாமாவும் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது இது. அரசு ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர்கண்டிஷனிங் டெக்னீசியன் என்று ஒரு பிரிவு இருக்கிறது. இரண்டு ஆண்டுப் படிப்பு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. உங்கள் மகன் அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள், ஐ.டி.ஐ. மாணவர்களும் அதில் வருகிறார்கள். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது, எனவே ஓசூரோடு நிறுத்தாமல் பக்கத்து மாவட்டங்களையும் விருப்பப் பட்டியலில் சேருங்கள். முடித்ததும் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அதன் பிறகு சில்லர் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் தொழில் பழகுநராகச் சேரட்டும். மேலே படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மாமாவோடு போவது விடுமுறை நாட்களில் மட்டும், பப் திறப்பதற்கு முன்பான காலை வேளையில் மட்டும்.

கல்லூரிக்குப் பெரியப்பா முன்பணம் கட்டிவிட்டதாகச் சொன்னீர்கள். ரசீது இருந்தால் இந்த வாரமே விலகல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதி. மாற்றுச் சான்றிதழின் மூலப் பிரதியையும் கையோடு கேட்டு வாங்குங்கள், ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு அது வேண்டும்.