மொட்டைமாடியில் காற்றாலை: வாங்கலாமா, செய்யலாமா?

கேள்வி: தென்காசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆனி, ஆடியில் மாடியில் துணி காயப்போட முடியாது. அப்படி ஒரு காற்று. இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஆகிறது. 32,000 ரூபாய்க்கு 400 வாட் காற்றாலை என்று ஒரு விளம்பரம் பார்த்தேன், அதையும் இணைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ. படித்த என் மைத்துனரோ பழைய கார் ஆல்டர்னேட்டரும் (காரில் மின்சாரம் உண்டாக்கும் பாகம்) பிவிசி குழாயும் போதும், 8,000 ரூபாயில் செய்து தருகிறேன் என்கிறார். எது நல்லது? கட்டணம் குறையுமா?

பதில்: கட்டணம் குறைவதுதான் நோக்கம் என்றால் இரண்டும் வேண்டாம். அந்த 32,000 ரூபாயைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 400 வாட், நொடிக்கு 13 மீட்டர் காற்றில். அதாவது மணிக்கு 47 கிலோமீட்டர். விற்பவர் பொய் சொல்லவில்லை; ஆனால் அந்த வேகம் உங்கள் மாடியில் எத்தனை மணி நேரம் நிற்கும்? காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். 13 மீட்டரில் 400 வாட் தருவது 6.5 மீட்டரில் 50 வாட்தான் தரும். அதுவும் பாதியாகி 3.25 மீட்டருக்கு வந்தால் 6 வாட். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்புக்குக்கூடப் போதாது.

சாரல் காலத்தின் நான்கு மாதங்களில் சராசரி 6.5 மீட்டர் காற்று வீசுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இடையிடையே வரும் வேகமான வீச்சுகளுக்காக 50 வாட்டை இரட்டிப்பாக்கினாலும் மாதம் 72 யூனிட். மற்ற எட்டு மாதங்களில் மாதம் பத்து யூனிட்கூடத் தேறாது. ஆண்டுக்கு 350 யூனிட், யூனிட்டுக்கு 5 ரூபாய் என்றால் 1,750 ரூபாய். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பேட்டரியே இதை விழுங்கிவிடும்.

இதுவும் திறந்த வெளியில் போட்ட கணக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் பெரிய காற்றாலைகளை அத்தனை உயரத்தில் நிறுத்தியிருப்பது வீண் செலவா? தரையை ஒட்டிய காற்று மரத்திலும் சுவரிலும் முட்டிச் சுழன்று வலுவிழக்கிறது. சுற்றிலும் 150 மீட்டருக்குள் உள்ள எந்தக் கட்டடத்தையும் மரத்தையும் விட இறக்கை 9 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பது சிறு காற்றாலைக்காரர்களின் பழைய விதி. உங்கள் மாடியில் ஒரு கம்பத்தை நட்டு, உச்சியில் ஒரு நீள ரிப்பனைக் கட்டிப் பாருங்கள். ஒரே திசையில் விறைத்து நிற்காமல் சுருண்டு, திரும்பி, கம்பத்தையே சுற்றிக்கொண்டால் அங்கே காற்றாலைக்கு வேலையில்லை. பிரிட்டனில் வாரிக் சோதனை என்ற பெயரில் கட்டடங்களின் மேல் வைத்த 26 சிறு காற்றாலைகளை அளந்து 2009-இல் அறிக்கை வெளியிட்டார்கள். பழுதாகி நின்ற நாட்களையும் சேர்த்து, ஒன்றுக்குச் சராசரியாக நாளொன்றுக்குக் கிடைத்தது கால் யூனிட்டுக்கும் குறைவு.

உங்கள் மைத்துனரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் கார் ஆல்டர்னேட்டர் உருப்படியாக மின்சாரம் தர நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுகளுக்கு மேல் வேண்டும். இறக்கை சுற்றுவதோ சில நூறு. பெல்ட் போட்டு வேகத்தைக் கூட்டினால் கிடைக்கும் கொஞ்சநஞ்சமும் உராய்வில் போகும். அதன் காந்தப்புலத்துக்கே பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். பிவிசி இறக்கை வெயிலில் காய்ந்து நொறுங்கத் தொடங்கும். ஆடிக் காற்றில் அது உடைந்து பறந்தால் பக்கத்து வீட்டு முற்றத்தில் விளையாடும் குழந்தைக்கு என்ன ஆகும்? இந்த ஒரு காரணத்துக்காகவே மாடியில் வேண்டாம் என்பேன்.

அவர் கற்றுக்கொள்வதற்காகச் செய்ய விரும்பினால், ஊருக்கு வெளியே வயலில், இழுகம்பிகள் கட்டிய கம்பத்தில் செய்யட்டும். நிரந்தரக் காந்தங்களை வைத்த மெதுவேக ஜெனரேட்டர், பலத்த காற்றில் இறக்கையைத் தானே பக்கவாட்டில் திருப்பிவிடும் வால், நிறுத்துவதற்கு ஒரு பிரேக் ஸ்விட்ச்: இந்த மூன்றும் இல்லாமல் ஏற்றக் கூடாது.

கட்டணத்துக்கு வழி சூரிய மின்தகடுதான். ஒரு கிலோவாட் தகடு நம் ஊரில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240 யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் உண்டு. உங்கள் 420 யூனிட்டில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும்.

கேள்வி: உடுமலைப்பேட்டை அருகே தோட்டத்து வீட்டில், நானே செய்த சிறு காற்றாலை பேட்டரியை ஏற்றுகிறது. இன்வெர்ட்டரிலிருந்து வரும் வயரை வீட்டு பிளக் பாயின்டில் செருகினால் மீட்டர் பின்னோக்கி ஓடும் என்கிறார்களே?

பதில்: செருகாதீர்கள். மின்தடையின்போது உங்கள் வீட்டு 230 வோல்ட் வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட் கம்பியில் பாயலாம். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேனின் உயிர் போய்விடும். மீட்டரும் பின்னோக்கி ஓடாது. வெளியே போகும் மின்சாரத்தையும் செலவாகவே எண்ணும் மீட்டர்கள் உண்டு. பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, மாட்டுக்கொட்டகை விளக்கையும் மோட்டார் அறை விளக்கையும் மட்டும் அதில் எரியவிடுங்கள். வீட்டு வயரிங்கோடு அது எங்கும் சேரக் கூடாது.