தடவிக் கொடுப்பதற்கா பணம் என்று நானும் கேட்டவள்தான்

மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் அம்மாவின் கை வீங்கியிருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் வெறுமனே தடவிவிட்டுப் பணம் வாங்குகிறார், அழுத்திப் பிடித்துவிடும் ஒருவரிடம் அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள். 2015-இல் நான் அப்படிப் போனவள்.

நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. இடது மார்பகத்தையும் அக்குளிலுள்ள நெறிகளையும் (நிணநீர்க் கணுக்களையும்) எடுத்துப் பதினோரு மாதங்கள் ஆனபோது, காலையில் கழற்றிய வளையல் மாலையில் ஏறவில்லை. கை இப்படி வீங்கக்கூடும் என்று அறுவை செய்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை என்ற கோபம் எனக்கு இன்றும் தீரவில்லை. உறவினர் பேச்சைக் கேட்டு, சுளுக்கு எடுப்பதில் பேர்பெற்ற ஒரு பெரியவரிடம் போனேன். அவர் எண்ணெயைச் சூடாக்கி, தோள் முதல் விரல் நுனிவரை, எனக்குக் கண்ணீர் வருமளவுக்கு உருவினார். மூன்றாம் நாள் கை சிவந்து, குளிர்க்காய்ச்சல் கண்டு, ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தேன். அவர் உருவியதால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன், நகம் வெட்டும்போது பட்ட கீறல் வழியாகவும் கிருமி புகுந்திருக்கலாம். பாரம்பரிய வைத்தியத்தைப் பழிக்கிறாள் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். என் கழுத்துச் சுளுக்கை இருமுறை எடுத்துவிட்டவரும் அவரே.

நெறிகளை எடுத்தபின் வடிய வழியில்லாமல் கையில் தேங்கி வீங்க வைப்பது நிணநீர் என்ற திரவம். இரத்தத்தைத் தள்ள இதயம் இருப்பதுபோல் அதைத் தள்ளத் தனி உறுப்பு கிடையாது. நிணநீரின் மிக நுண்ணிய குழாய்கள் தோலுக்குச் சற்று அடியிலேயே தொடங்குவதால், தோலை மெல்ல இழுத்துவிட்டாலே அவற்றின் வாய் திறக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் தம் மனைவி எஸ்ட்ரிட்டுடன் வகுத்து, 1936-இல் பாரிஸில் அறிமுகப்படுத்திய, நிணநீரை வடிக்கும் மெல்லிய நீவல் முறையின் அடிப்படை இதுதான். பின்னர் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த பெண் முதலில் கையைத் தொடவே இல்லை. காரை எலும்புக்கு மேலுள்ள குழியில் இரண்டு விரல்களை வைத்துத் தொடங்கினார். நிணநீர் இறுதியில் கழுத்தடியிலுள்ள சிரைகளில்தான் போய்க் கலக்கிறது என்பதால், முதலில் அங்கே வழி விட்டு, பிறகு மார்பு, அதன் பிறகே கை. எவ்வளவு அழுத்தம் என்று கேட்டதற்கு, ஆறிய பாலின் மேல் படிந்த ஏட்டைக் கிழியாமல் ஒரு பக்கமாக நகர்த்துவதுபோல என்றார்.

இதனால் மட்டுமே வீக்கம் வடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட தொகுப்பு, 208 பேரை உள்ளடக்கிய ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அழுத்தக் கட்டுடன் சேர்த்து நீவினால் இலேசான, நடுத்தரமான வீக்கத்தில் சற்றுக் கூடுதல் பயன் இருக்கலாம் என்ற அளவில்தான் முடிக்கிறது. என் முழங்கைக்குக் கீழே இரு கைகளுக்கும் இருந்த 4 செ.மீ. வித்தியாசம் ஆறு வாரங்களில் இரண்டரையாகக் குறைந்ததில் பெரும்பங்கு கட்டுக்கே உரியது. அதற்குப் பின் மாட்டிக்கொள்ளும் அந்த இறுக்கமான கையுறையைத் ‘தோல் நிறம்’ என்று விற்கிறார்கள். யாருடைய தோல் என்று தெரியவில்லை. கும்பகோணத்துச் சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

கற்றுக்கொண்டதை மறக்காமலிருக்க, நாங்கள் நான்கு பெண்கள் சனிக்கிழமைகளில் ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பறையில் கூடினோம். மார்பகப் புற்றுநோய் வந்த ஆண் ஒருவர் தாமும் வரலாமா என்று கேட்டபோது, கூடாது என்று முதலில் சொன்னவள் நான்தான். ஒரு மாதம் வராந்தாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தே அவர் கற்றுக்கொண்டார். அந்த வெட்கத்தில்தான் ஒரு விதி எழுதினோம்: வீக்கம் எதனால் வந்திருந்தாலும் எவரும் வரலாம், “கை வைக்கலாமா?” என்று கேட்காமல் எவரும் எவரையும் தொடக்கூடாது, வேண்டாம் என்றால் காரணம் கேட்கக்கூடாது.

அதன் பிறகு யானைக்கால் உள்ள ஒரு முதியவர் வந்தார். எங்கள் பகுதிக்கு அந்த நோய் புதிதல்ல, ஆயினும் அவர் காலைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தே உட்காருவார். அவருக்கு நீவுவதைவிட முக்கியம் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி, ஈரமே இல்லாமல் உலர்த்துவது. மடிப்புகளில் ஈரம் நின்றால் புண்ணாகும், புண் வழியே கிருமி புகுந்தால் காய்ச்சலும் வீக்கமும் மேலும் கூடும். இந்த வேலையில் அவருக்கு இருக்கும் பொறுமை எங்களில் எவருக்கும் வராது. இன்று புதிதாக வருபவர்களுக்கு விரலிடுக்கைத் துடைக்கக் கற்றுக்கொடுப்பவர் அவர்தான். சென்ற வாரம் நான் ஒருவருக்குக் கழுத்தில் நீவிக் காட்டியபோது, “டீச்சர், ஏடு கிழியுது” என்று தள்ளி உட்கார்ந்தபடியே சொன்னார்.

அம்மாவைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டிடம், அம்மாவே தம் கையால் செய்துகொள்ளக் கற்றுத்தரும்படி கேளுங்கள். மாதக் கணக்கில் கட்டணம் கட்ட வேண்டியிருக்காது. கட்டு, கையுறை பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லையென்றால் வேறொருவரைப் பாருங்கள். கை சிவந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ, இரத்தக்கட்டியோ இதயச் செயலிழப்போ இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தாலோ, இந்த மெல்லிய நீவலையும் அவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.