போனை வையுங்கள், பிறகு நீங்களே எடுங்கள்: முதியோரும் பண மோசடியும் – கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது முதியோர் சங்கக் கூட்டங்களுக்குப் போய் போன், அட்டை, கணக்கு பற்றிக் கதைக்கிறேன். வயதானவர்களைக் குறிவைக்கும் மோசடிகள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னேன், குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்த துறைக்குள் வருவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி (சுன்னாகம், மகள்): அம்மாவுக்கு 71 வயது. வங்கியில் இருந்து கதைக்கிறோம், உங்கள் அட்டை இன்றோடு நிற்கப்போகிறது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். போனுக்கு வந்த இலக்கத்தை அம்மா வாசித்துக் காட்ட, இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. நேற்று நடந்தது. அம்மா சாப்பிடாமல் படுத்திருக்கிறார்.

பதில்: இன்னும் வங்கிக்கு அறிவிக்கவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். அட்டையின் பின்பக்கத்தில் 24 மணி நேர இலக்கம் இருக்கிறது. அட்டையையும் போன் வழி வங்கிச் சேவையையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? ஒரு வங்கியில் இருந்து இன்னொரு வங்கிக்கு உடனடியாகக் காசு போகும் செஃப்ட்ஸ் முறை இலங்கையில் 2015 இல் வந்தது. நல்ல வசதி. ஆனால் திருடிய காசும் அதே வேகத்தில்தான் போகிறது. யாரோ ஒருவருடைய கணக்கில் விழும், அங்கிருந்து ஏ.ரி.எம். வழியாக வெளியே வந்துவிடும். உங்கள் வங்கி மற்ற வங்கிக்கு அறிவித்து மிஞ்சியதையாவது மறிக்க வேண்டும் என்றால் முதல் சில மணித்தியாலங்கள்தான் உண்டு. நேற்று நடந்தது என்றாலும் விடாதீர்கள், எல்லாக் காசையும் ஒரே நாளில் எடுக்க அவர்களால் முடியாமல் போவதும் உண்டு.

அப்புறம் கிளைக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, 'நீங்களே சொன்னதுதானே' என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. வங்கி பதில் தராமல் இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935 க்கு எடுங்கள்.

இனி அம்மா. 'ஏன் சொன்னீங்கள்?' என்ற கேள்வியைத் தயவுசெய்து வீட்டில் யாரும் கேட்க வேண்டாம். அம்மாவோடு கதைத்தது தனி ஒருவன் இல்லை. இதை ஒரு தொழிலாக, ஆட்களை வரிசையாக இருத்தி, கதைக்க வேண்டியதை எழுதிக் கொடுத்துச் செய்கிறார்கள். 2024 இல் இலங்கையிலேயே வீடுகளையும் விடுதிகளையும் எடுத்து இந்த வேலை செய்த வெளிநாட்டுக் கும்பல்களைப் பொலிஸார் பிடித்தார்கள். கணினி வேலை என்று நம்பிப் போன எங்கள் நாட்டுப் பிள்ளைகள் மியான்மாரின் மியாவடிப் பக்கத்து முகாம்களில் அடைக்கப்பட்டு, அடி வாங்கி வாங்கி இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். அப்படிப் பழக்கப்பட்ட ஒருவர் முன்னால், அதுவும் வீட்டில் தனியே இருக்கும் நேரத்தில், படித்தவர்களும் விழுகிறார்கள். ஆசிரியர்களும் வங்கியில் இருந்தவர்களும் விழுந்ததை நான் அறிவேன்.

வெட்கம்தான் அடுத்த மோசடிக்கு வழி. போன காசை எடுத்துத் தருகிறோம், சிறு கட்டணம் கட்டுங்கள் என்று இன்னும் சில நாளில் ஒருவர் எடுப்பார். உங்களுக்குப் பயந்து அம்மா அதை மறைத்தால் மிச்சமும் போய்விடும்.

எல்லாருக்கும் ஒரே விதி: யார் எடுத்தாலும், என்ன சொன்னாலும், போனை வையுங்கள். பிறகு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள். உண்மையான வங்கி அதற்குக் கோபிக்காது.

கேள்வி (பருத்தித்துறை, தங்கை): அக்கா கணவனை இழந்தவர். பேஸ்புக்கில் லண்டன் டொக்டர் ஒருவர் பழக்கமாகி, நகையும் பவுண்ஸும் பார்சலில் அனுப்பியிருக்கிறாராம். கொழும்பில் சுங்கத்தில் நிற்கிறது, ஒரு லட்சத்து முப்பதாயிரம் போடுங்கள் என்று ஒரு பெண் எடுக்கிறார். நான் சொன்னால் அக்கா என்னோடு கதைப்பதில்லை.

பதில்: பார்சலும் இல்லை, டொக்டரும் இல்லை. சுங்கத் திணைக்களம் தீர்வையைத் தனியாளின் சேமிப்புக் கணக்கில் போடச் சொல்வதே கிடையாது. அக்காவிடம் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்: போடச் சொன்ன கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது?

அவர் பொய்யன் என்று நிரூபிக்கப் போகாதீர்கள். மாதக்கணக்காக ஒவ்வொரு காலையும் 'சாப்பிட்டீர்களா' என்று அக்காவிடம் கேட்டது அந்த ஒருவன்தான். அவனை எடுத்துவிட்டால் அந்த இடம் வெறுமையாகிவிடும். ஒரு கிழமை அக்கா வீட்டில் போய் நில்லுங்கள். இதற்கு மருந்து அதுதான், நான் சொல்லும் வங்கி விதிகள் இரண்டாம் பட்சம்.

கேள்வி (நல்லூர்): பெரியப்பாவின் வட்ஸ்அப்பில் இருந்து 'அவசரம், 80 ஆயிரம் போடு, பின்னேரம் தாறன்' என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் செய்தி போயிருக்கிறது. அவர் அனுப்பவில்லை.

பதில்: யாரோ கேட்டு ஆறு இலக்கக் குறியீட்டைப் பெரியப்பா கொடுத்திருப்பார். அவருடைய போனில் வட்ஸ்அப்பைத் திரும்பத் திறந்து அவருடைய இலக்கத்தையே பதியுங்கள். குறியீடு அவருடைய சிம்முக்குத்தான் வரும், அதைப் போட்டதும் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் ஏற்கெனவே ஒரு இரகசிய இலக்கம் (PIN) போட்டு வைத்திருந்தால் நீங்கள் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். கணக்கு கைக்கு வந்ததும் இணைக்கப்பட்ட சாதனங்களைப் பார்த்துத் தெரியாததை நீக்கிவிட்டு, இரு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். இதற்கிடையில் சொந்தக்காரருக்குச் சாதாரண அழைப்பில் சொல்லுங்கள், வட்ஸ்அப் குழுவில் போட்டால் அதை அவனும் வாசிப்பான்.

குரல் பதிவு வந்தாலும் நம்ப வேண்டாம். குரலைப் போலச் செய்ய இப்போது மென்பொருள் இருக்கிறது. காசு என்று வந்தால் வையுங்கள், நீங்களே எடுங்கள்.

கேள்வி (கோப்பாய்): தபால் கந்தோரில் பார்சல் நிற்கிறது, முகவரியைத் திருத்துங்கள் என்று ஒரு லிங்க் வந்தது. திறக்கலாமா?

பதில்: வேண்டாம். தபால் கந்தோர் பக்கத்தில்தானே, நேரில் போய்க் கேளுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): அஸ்வெசும (அரசாங்க உதவிக் கொடுப்பனவு) காசு என்று ஒரு லிங்க் வந்தது.

பதில்: வேண்டாம். பிரதேச செயலகத்திலோ விதானையாரிடமோ (கிராம அலுவலர்) கேளுங்கள்.

கேள்வி (தெல்லிப்பழை): கனடாவில் இருக்கும் தம்பியின் காணியைக் கள்ள உறுதி முடித்து விற்கப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம்.

பதில்: இது என் துறை இல்லை. இன்றே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள், காணிப் பதிவகத்தில் ஏடு பார்ப்பிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (காரைநகர், தாய்): மகன் பிரான்சில் இருந்து உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆட்கள் மூலம், காசு அனுப்புவான். போன மாதம் மூன்று பேர் என் கணக்கில் போட்டார்கள், ஒருவரையும் தெரியாது. இப்போது கணக்கு முடக்கமாம், பொலிஸில் இருந்து கேட்கிறார்கள். நான் ஒரு பிழையும் செய்யவில்லை.

பதில்: அம்மா, நீங்கள் களவு செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நடந்தது என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

மகன் ஐரோவை அங்கே ஒருவர் கையில் கொடுக்கிறார். அந்தக் காசு கடல் தாண்டி வருவதில்லை. இங்கே இருக்கும் கூட்டாளி ரூபாவை உங்கள் கணக்கில் போடுவிக்கிறார். அந்த ரூபா எங்கிருந்து வருகிறது? சுன்னாகத்து அம்மாவிடம் பிடுங்கிய இரண்டு லட்சமாகவும் இருக்கலாம். இங்கே களவெடுத்தவனுக்கு ரூபாவைக் கைமாற்ற வேண்டும், உண்டியல்காரனுக்கு இங்கே ரூபா வேண்டும். இருவருக்கும் வசதி. காசைப் பறிகொடுத்தவர் முறைப்பாடு செய்ததும் பொலிஸ் அந்தக் காசு போன வழியே நடந்து வந்து உங்கள் வாசலில் நிற்கிறது.

மகனிடம் அவர் கொடுத்த தொகை, திகதி, அந்த ஆளோடு கதைத்த செய்திகள் எல்லாவற்றையும் வாங்கி, ஒரு சட்டத்தரணியோடு போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இனி வங்கி வழியாகவோ பதிவுள்ள பண அனுப்பல் நிறுவனம் வழியாகவோ அனுப்பச் சொல்லுங்கள்.

ரொறன்ரோவில் இருந்து ஒருவர்: உண்டியலைக் குறை சொல்லாதீர்கள் ஐயா. சண்டைக் காலத்தில் எங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான். வங்கிக்காரர் அப்போது எங்கே இருந்தீர்கள்?

பதில்: அது உண்மை. பாதை பூட்டியிருந்த காலத்தில் உண்டியல் இல்லாவிட்டால் பல வீடுகளில் பட்டினிதான். அந்தக் கடனை நான் மறுக்கவில்லை. நான் கதைப்பது இன்று அந்தக் குழாயில் வேறு என்ன ஓடுகிறது என்பதைப் பற்றி.

மறுபடி ரொறன்ரோ: வங்கி விலை எங்களை ஏமாற்றியதே?

பதில்: 2022 மார்ச் வரைக்கும் டொலரை இருநூறு ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே பிடித்து வைத்திருந்தார்கள், வெளியே விலை அதைவிட நல்லாக இருந்தது. அப்போது உண்டியலுக்குப் போனவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. பிறகு ரூபாவின் விலையைச் சந்தைக்கே விட்டுவிட்டார்கள், அந்தப் பெரிய இடைவெளி சுருங்கிவிட்டது. டொலருக்குச் சில ரூபா கூடக் கிடைக்கும் என்று எழுபது வயதுத் தாயைப் பொலிஸ் நிலைய வாங்கில் இருத்த வேண்டுமா?

வேலணையில் இருந்து ஒருவர்: இவர் சொல்வது சரி. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் வந்து, 'அம்மா உங்கட கணக்கையும் அட்டையையும் ஒரு கிழமைக்குத் தாருங்கோ, ஐயாயிரம் தாறம்' என்று கேட்டிருக்கிறான்.

பதில்: இதை எழுதியதற்கு நன்றி. நான் சொல்ல நினைத்த எச்சரிக்கை இதுதான். கணக்கை வாடகைக்குக் கொடுப்பவர் பெயரில்தான் களவுக் காசு வரும், பிடிபடுவதும் அவர்தான். மருந்துக்குக் காசில்லாத கிழவிகளைத் தேடிப் போய்க் கேட்கிறார்கள். அயலில் இப்படி நடந்தால் விதானையாருக்கும் பொலிஸுக்கும் சொல்லுங்கள்.

லண்டனில் இருந்து ஒருவர்: எங்கள் ஆள் முப்பது வருடப் பழக்கம், நம்பிக்கையானவர்.

பதில்: அவர் நல்லவராகவே இருக்கட்டும். அம்மாவின் கணக்கில் காசு போடுபவர் அவர் இல்லை. அவருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். உண்டியல் பற்றி இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள், எல்லாருக்கும் இதுவே பதில், நான் அடுத்ததுக்குப் போகிறேன்.

கேள்வி (மானிப்பாய்): ஓய்வு பெற்றபோது கிடைத்த காசை அப்பா ஒரு செயலியில் போட்டிருக்கிறார். ஆள் சேர்த்தால் கூட வருமானம் என்கிறார். முதல் மாதம் காசு வந்தது.

பதில்: முதல் மாதம் வரத்தான் செய்யும், அப்பா மற்றவர்களைக் கூட்டி வர வேண்டுமே. ஆள் சேர்ப்பதில் ஓடும் திட்டம் வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம், சேர்த்து விடுபவரும் அதில் மாட்டுவார். மத்திய வங்கி இப்படியான நிறுவனங்களின் பெயர்களை வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நல்லது என்று எண்ண வேண்டாம். இருப்பதை எடுக்க முடிந்தால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். எடுப்பதற்கு வரி கட்டு என்று கேட்டால் ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

கேள்வி (கொக்குவில்): வங்கியில் இருந்து என்று எடுத்து ஓ.ரி.பி. (போனுக்கு வரும் ஒரு தடவை இலக்கம்) கேட்டால் சொல்லலாமா?

பதில்: முதல் பதிலை வாசியுங்கள். சொல்லக் கூடாது.

கேள்வி (உரும்பிராய்): மனேச்சரே கேட்டால்?

பதில்: மனேச்சருக்கும் சொல்லக் கூடாது. ஓ.ரி.பி. பற்றிய மிச்சக் கேள்விகளை நான் இங்கே போடவில்லை, எல்லாவற்றுக்கும் பதில் இந்த ஒன்றுதான்.

கேள்வி (சுவிஸ், மகன்): அப்பாவிடம் இருந்து ஸ்மார்ட் போனைப் பறித்துவிட்டு பட்டன் போன் கொடுக்க நினைக்கிறேன். வங்கிக் கணக்கையும் நான் இங்கே இருந்து பார்க்கலாம் என்று.

பதில்: தம்பி, அப்பா பேரப்பிள்ளைகளின் முகம் பார்ப்பது அந்தப் போனில்தான். அதைப் பறித்தால் தனிமை கூடும், தனிமைக்குள்தான் இந்த ஆட்கள் நுழைகிறார்கள். பட்டன் போனுக்கும் பொய் அழைப்பு வரும்.

போனை விட்டுவிட்டுக் காசைப் பிரியுங்கள். பென்சனும் நிலையான வைப்பும் இருக்கும் கணக்குக்குச் செயலி வேண்டாம், அட்டையும் வேண்டாம், புத்தகத்தோடு நேரில் போய் எடுக்கட்டும். மாதச் செலவுக்குச் சிறு தொகையோடு இன்னொரு கணக்கு, அதற்கு மட்டும் அட்டை. ஒரு நாளில் எடுக்கக்கூடிய உச்சத் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். காசு அசையும் ஒவ்வொரு தடவையும் குறுஞ்செய்தி வரட்டும்.

அப்பாவின் கடவுச்சொல்லை நீங்கள் வைத்திருப்பதை நான் ஆதரிக்கவில்லை. கூட்டுக் கணக்கு வேண்டும் என்றால் அப்பாவோடு வங்கியில் இருந்து, யார் ஒப்பமிட்டால் எடுக்கலாம் என்பதை அவர் விளங்கிய பிறகு செய்யுங்கள். முன்பின் தெரியாதவன் எடுத்ததைவிடப் பெற்ற பிள்ளையும் மருமகனும் எடுத்துக்கொண்ட காசுக்காகக் கிளையில் வந்து அழுத தாய் தகப்பனைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். அவர்கள் பொலிஸுக்கும் போவதில்லை.

கேள்வி (வட்டுக்கோட்டை, 76 வயது அம்மா, பேத்தி எழுதியது): எனக்குக் கண் மங்கல், எழுத்துத் தெரிவதில்லை. போனில் எது வங்கி, எது கள்ளன் என்று எப்படி அறிவது?

பதில்: அறியத் தேவையே இல்லை அம்மா. காசு, அட்டை, இலக்கம் என்று ஒருவர் தொடங்கினால் 'பேத்தி வந்த பிறகு கதைக்கிறேன்' என்று சொல்லி வைத்துவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று யோசிக்க வேண்டாம்.

பேத்திக்கு: அட்டையின் பின்னால் உள்ள வங்கி இலக்கத்தையும், உங்கள் இலக்கத்தையும், பொலிஸின் 119 ஐயும் பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதி அம்மம்மா இருக்கும் கதிரைக்கு நேரே சுவரில் ஒட்டுங்கள். இணையத்தில் தேடி எடுத்த வங்கி இலக்கத்தை எழுதாதீர்கள், அங்கேயும் பொய் இலக்கம் போட்டு வைக்கிறார்கள். பிறகு உங்கள் இலக்கத்தைப் போனில் ஒரே அழுத்தில் போகும்படி வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அம்மம்மாவையே சில தடவை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.