பிரீ-வொர்க்கவுட் குடிச்சா பாரம் கூடத் தூக்கலாமா? கேட்டதுக்கெல்லாம் பதில்

ஜிம்முக்கு முதல் கரைச்சுக் குடிக்கிற பவுடரைப் பத்திக் கேள்வி இருந்தா போடுங்க எண்டு சொன்னன், வந்து குவிஞ்சிட்டு. ஒண்டொண்டா வாறன்.

கல்லடியில இருந்து: அண்ணே, இது மெய்யாவே வேலை செய்யுதா, இல்லாட்டி மனப்பிரமையா?

ரெண்டும்தான் மனே. டப்பாவில பெரிய பட்டியலே எழுதியிருக்கும், ஆனா குடிச்ச அண்டைக்கே வேலை காட்டுறது பெரும்பாலும் கஃபீன்தான். உடம்பு எடையில கிலோவுக்கு 3 மில்லிகிராம் போதும், அப்ப 70 கிலோ ஆளுக்கு 210, அதையும் முக்கால் மணித்தியாலத்துக்கு முதல் குடிக்கணும். பென்ச் பிரஸ்ஸில, அதாவது மல்லாக்கப் படுத்துப் பாரம் தள்ளுறதில, 100 கிலோ அடிக்கிறவன் 102, 103 அடிக்கலாம், இல்லாட்டி கடைசி செட்டில ஒரு தரம் கூடத் தூக்க வரலாம், 120 கனவிலயும் வராது. மறுகா, கஃபீன் குடிச்சிருக்கன் எண்டு நம்பினாலே சிலர் கூடத் தூக்குறாங்க எண்டு ஆய்வுகள்ளயே வந்திருக்கு, அதால பிரமைக் கதையும் முழுப்பொய் இல்ல.

ஆரையம்பதி: குடிச்சுக் கொஞ்ச நேரத்தில முகம், காதெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இரிக்கி. மருந்து ஏறுதெண்டு கூட்டாளிமார் சொல்றாங்க.

ஒண்டும் ஏறல்ல. அது பீட்டா-அலனின், பவுடரில கலக்கிற ஒரு அமினோ அமிலம், தோல் நரம்பைச் சீண்டுது, ஆபத்தில்ல, கொஞ்ச நேரத்தில போயிடும். அந்தச் சாமான் வேலை செய்யணுமெண்டா ஒவ்வொரு நாளும் 3.2 தொடக்கம் 6.4 கிராம் வரைக்கும் நாலு கிழமையாவது எடுக்கணும், அதுவும் ஒண்டு தொடக்கம் நாலு நிமிசம் நீளுற வேலைக்குத்தான் உதவும், 20 செக்கனில முடியிற ஸ்குவாட் செட்டுக்குப் பெரிசா ஒண்டுமில்ல. என்னக் கேட்டா அந்த ஊர்றதுக்காகவே போடுறாங்க, குடிச்சவன் காசுக்கு ஏதோ நடக்குது எண்டு நினைக்கணும் எலுவா?

காத்தான்குடி: நோன்பு காலத்தில தராவீஹ் தொழுகை முடிச்சு 10 மணிக்குத்தான் ஜிம் போறன். குடிக்கலாமா?

வேணாம். கஃபீனில பாதி உடம்ப விட்டுப் போகவே கிட்டத்தட்ட 5 மணித்தியாலம் எடுக்கும். ராவு 10 மணிக்கு 300 மில்லிகிராம் குடிச்சா 3 மணிக்கு, சஹர் சாப்பாட்டுக்கு எழும்புற நேரத்திலயும், 150 உள்ளுக்க இரிக்கும், நித்திரை எங்க வாற? நித்திரை கெட்டா அடுத்த நாள் பாரம் தானாக் குறையும். நோன்பு திறந்து கஞ்சியும் பேரீச்சம்பழமும் எடுத்து, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சிட்டுப் போங்க.

அக்கரைப்பற்று: விலை தாங்க ஏலா. வேற வழி?

கோப்பி. இன்ஸ்டன்ட் தூள் ஒரு டீஸ்பூனில கிட்டத்தட்ட 60 மில்லிகிராம் கஃபீன் வரும், மூண்டு போட்டா 180, கசக்கும்தான், மூக்கைப் பொத்திக் குடிங்க. மிச்சக் காசுக்கு வெறும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் வாங்குங்க, பாரம் கூடுறதுக்கு ஆதாரம் நிறைய இருக்கிற பவுடர் அதுதான். ஒரு நாளைக்கு 3 தொடக்கம் 5 கிராம், ஜிம்முக்கு முதலா பிறகா எண்டெல்லாம் மண்டைய உடைக்கத் தேவையில்ல, நாள் தவறாம எடுத்தாச் சரி. முதல் கிழமைகள்ள ஒரு கிலோ, ரெண்டு கிலோ எடை கூடும், அது தசைக்குள்ள போற தண்ணி.

அம்பாறை: கிரியேட்டின் கிட்னிய அடிக்குமா? எங்கட மாவட்டத்தில தெஹியத்தகண்டியப் பக்கம் சிறுநீரக நோய் இரிக்கி, அதால பயம்.

சுகமான ஆளுக்கு இந்த அளவில பாதிப்பு வந்ததா ஆய்வுகள் காட்டல்ல. ஆனா உங்கட பயம் நியாயம். வீட்டில ஆருக்கும் அந்த நோய் இருந்தா தொடங்க முதலே இரத்தப் பரிசோதனை செய்து டொக்டரிட்டக் காட்டுங்க. எடுத்துக்கொண்டிருக்கக்குள்ள பரிசோதிச்சா கிரியேட்டினின், அதாவது கிட்னி எப்பிடி எண்டு அறிய இரத்தத்தில பார்க்கிற கழிவு, கொஞ்சம் கூடத் தெரியும், பவுடர் எடுக்கிறத ஒளிக்காமச் சொல்லுங்க, இல்லாட்டி அவரும் பயந்து நீங்களும் பயந்து ஒரு நாள் போயிடும்.

வாழைச்சேனை: தேசிய மட்டப் போட்டிக்குப் போறன், ஊக்கமருந்தில மாட்டுவனா?

கஃபீனால மாட்டமாட்டீங்க, 2004லயே தடைப் பட்டியலில இருந்து எடுத்திட்டாங்க. பிரச்சினை டப்பாவில எழுதாத சாமான்தான். முந்தி டிஎம்ஏஏ எண்டு தடைப் பட்டியலில இருக்கிற ஒரு ஊக்கி இப்பிடித்தான் நிறையப் பவுடரில கிடந்து எத்தினையோ வீரர்மாரக் கவிழ்த்தது. தெரியாமக் குடிச்சன் எண்டாலும் பொறுப்பு உங்கட தலையிலதான். போட்டிக்காரர் இந்தக் கலவைகளத் தொடாதீங்க, கோப்பியோட நில்லுங்க. மத்தவங்களும் ஒவ்வொரு சாமானும் எத்தினை மில்லிகிராம் எண்டு பிரிச்சுப் போடாம மொத்தமா ஒரு கலவைப் பேர் மட்டும் போட்ட டப்பாவ வாங்காதீங்க.

களுவாஞ்சிகுடி: தண்ணியில்லாம வாயில கொட்டி விழுங்கிறத வீடியோவில பார்த்தன்...

செய்யாதகா! தூள் மூச்சுக்குழலுக்க போகும், கஃபீன் ஒரேயடியா ஏறி நெஞ்சு படபடக்கும். அதுவும் சூடாக் கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில, தகரக் கூரை ஜிம்முக்குள்ள. பிரஷர், இதய வருத்தம் உள்ளவங்க, 18 வயசு ஆகாத தம்பிமார் கரைச்சும் குடிக்க வேணாம்.