24,165 பேரைக் காணவில்லை

அன்புள்ள ஐயா,

மகாபாரதத்தின் ஸ்திரீ பர்வத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். வாசித்தேன். போர்க்களத்தில் காந்தாரி ஒவ்வொரு உடலாகப் பார்த்து அழும்போது நானும் அழுதேன். அது முடிந்ததும் திருதராஷ்டிரன் தருமனிடம், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்கிறான். தருமன் தயங்காமல் எண்ணிக்கை சொல்கிறான். நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்த கிழவனிடம் இப்படியா ஒருவன் கணக்கு ஒப்பிப்பான்? எனக்கு ஆறவில்லை.

என் கோபத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். அப்பா இறந்த அன்று என் அண்ணனும் நோட்டும் பேனாவுமாகத்தான் திரிந்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நான்கு வருடமாக அவனிடம் நான் சரியாகப் பேசுவதில்லை. பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கோபப்பட்ட அந்த இடத்துக்குத்தான் நான் அடிக்கடி திரும்பிப் போகிறேன்.

தருமனுக்கு அழத் தெரியும். அபிமன்யு இறந்தபோதும் கடோத்கஜன் விழுந்த இரவிலும் அவன் புலம்பியதைத் துரோண பர்வத்தில் பார்க்கலாம். பாசறையில் தூங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் ஐந்து மகன்களும் கொல்லப்பட்டார்கள் என்று கேட்டதும் நிலைகுலைந்து விழுந்தவன் அவன். அந்த ஐவரில் பிரதிவிந்தியன் அவன் பெற்ற பிள்ளை. இதெல்லாம் நடந்த பிறகுதான் பெரியப்பா அவனிடம் வந்து, உயிரோடிருந்த படைகளின் அளவு உனக்குத் தெரியுமே, இறந்தவர்களின் அளவும் தெரிந்தால் சொல் என்கிறார்.

அவன் இரண்டு எண்களைச் சொல்கிறான். இறந்தவர்கள் 166 கோடியே 20 ஆயிரம். காணக் கிடைக்காதவர்கள் 24,165.

முதல் எண் கணக்கில் நிற்காது. ஓர் அக்குரோணிப் படை என்பது 21,870 தேர், அதே அளவு யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். இரு தரப்பிலும் சேர்ந்து போரிட்ட பதினெட்டு அக்குரோணியையும் கூட்டினாலும் நாற்பது லட்சத்தை எட்டாது. அதனால் அந்தக் கோடிகளை நான் கதறலாகவே படிக்கிறேன். என்னை நிறுத்துவது இரண்டாவது எண். கோடிகளில் பேசிக்கொண்டிருந்தவன், காணாதவர்களிடம் வந்ததும் கடைசி ஐந்து பேர் வரை எண்ணிவிடுகிறான். சுமார் 24 ஆயிரம் என்று சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. இறந்தவனுக்கு உடல் இருக்கிறது, கொள்ளி வைக்கலாம். கிடைக்காதவனுக்கு அவனால் என்ன செய்ய முடியும்? விட்டுப்போகாமல் எண்ணத்தான் முடியும்.

அப்புறம் அவன் வகை பிரிக்கிறான். மகிழ்ந்து உயிர் கொடுத்தவர்கள் இந்திரலோகம் போனார்கள், எப்படியும் சாகத்தானே வேண்டும் என்று செத்தவர்கள் கந்தர்வர்களோடு சேர்ந்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறான். உனக்கு எப்படித் தெரியும் என்று கிழவர் கேட்டால், வனவாசத்தில் தீர்த்த யாத்திரை போனபோது லோமச முனிவரால் கிடைத்த பார்வை என்று அதற்கும் பதில் வைத்திருக்கிறான். உடனே வேலை தொடங்குகிறது. விதுரன், சஞ்சயன், புரோகிதர் தௌமியர் எல்லோருக்கும் ஆளுக்கொரு பொறுப்பு. சந்தனம், அகில், நெய், எண்ணெய், பட்டு வருகின்றன. முறிந்த தேர்களும் ஆயுதங்களும் குவிகின்றன. எங்கெங்கிருந்தோ வந்து செத்த, கேட்க நாதியில்லாதவர்களின் உடல்களையும் தருமன் மறக்கவில்லை. அவன் சொல்லித்தான் விதுரன் அவற்றைக் குவித்து எரிக்கிறான்.

அன்று எரிந்தவர்களின் நீண்ட பட்டியலில் ஒரு பெயர், தன் பிள்ளைகளோடு கர்ணன். பட்டியலில் அவனும் ஒருவன், அவ்வளவுதான்.

சிதைகள் அடங்கிய பிறகு கங்கைக் கரைக்குப் போகிறார்கள். நீர்க்கடன் நடக்கும்போது குந்தி வாய் திறக்கிறாள். தேரோட்டி மகன் என்று நினைத்தீர்களே, அவன் உங்கள் மூத்த அண்ணன், அவனுக்கும் நீர் விடுங்கள் என்கிறாள். தருமன் பாம்பு போலப் பெருமூச்சு விடுகிறான். அபிமன்யு இறந்ததையும் திரௌபதியின் மக்கள் இறந்ததையும் விட இந்தத் துயரம் நூறு மடங்கு என்கிறான். உடைந்து அழும்போதும் ஓர் எண்தான் வாயில் வருகிறது, கவனித்தீர்களா?

இதன் தொடர்ச்சி சாந்தி பர்வத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. அதையும் அவசியம் வாசியுங்கள். நாரதரிடம் தருமன் சொல்கிறான்: சூதாட்ட சபையில் கர்ணன் கொடுஞ்சொல் பேசியபோது எனக்குக் கோபம் பொங்கியது, ஆனால் அவன் பாதங்களைப் பார்த்ததும் கோபம் தணிந்துவிட்டது, அவை அம்மாவின் பாதங்களைப் போலவே இருந்தன, ஏன் அப்படி என்று எவ்வளவோ யோசித்தும் எனக்குக் காரணம் பிடிபடவில்லை.

அந்தச் சபையில் எல்லாம் பறிபோய்க்கொண்டிருந்த நேரத்திலும் இவன் ஒரு பாதத்தைப் பார்த்து, ஒப்பிட்டு, காரணம் தேடியிருக்கிறான். பதில் கையெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. அத்தனை யோசனையாலும் அண்ணனைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அவனைக் கொல்கிறது. அறிவை நம்பி வாழ்ந்தவனுக்கு வேறு எப்படி அழத் தெரியும்? இந்த வரிகளை வாசித்த நாளிலிருந்து தருமன் எனக்கு மிக நெருக்கமானவனாகிவிட்டான்.

உங்கள் அண்ணனைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. என்னைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா இறந்தபோது வீட்டில் நோட்டுப் பிடித்தது நான். ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, வேன், பூ, மயானத்தில் கொடுத்தது என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஊருக்குப் போகும் பஸ்களின் நேரம்கூட அதில் இருக்கிறது. என் காதுபடவே, கல்லு மனசு என்று ஒரு சித்தி சொன்னார். எனக்கு அப்போது அது உறைக்கவே இல்லை. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று ஓடிக்கொண்டிருந்தேன். எழுதுவதை நிறுத்தினால் உள்ளே போய் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

எட்டு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது அந்த நோட்டு அகப்பட்டது. தொகைகளுக்கு நடுவே ஒரு வரி: 'அம்மாவுக்குப் புதுச் சேலை, பச்சை, அரக்குக் கரை.' எதிரே தொகை போடவில்லை. வேறு எந்தச் செலவுக்கும் நான் நிறம் எழுதியிருக்கவில்லை. அன்று மதியம் முழுவதும் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அண்ணன் அந்த நோட்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஒருநாள் கேட்டு வாங்கிப் பாருங்களேன்.

அன்புடன்