மாகாண அரசியலிலேயே இருந்து கனடாவின் போக்கை மாற்றிய வழக்கறிஞர் யாராவது உண்டா?

உண்டு, ஆலிவர் மோவாட். 1872 முதல் 1896 வரை ஒன்ராறியோ மாகாணத்தின் முதல்வர். அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் பொறுப்பையும் அத்தனை வருடமும் தானே வைத்துக்கொண்டார், விஷயமே அதில்தான் இருக்கிறது.

1820இல் கிங்ஸ்டனில் பிறந்தார். தொழில் பழகியது ஜான் ஏ. மெக்டொனால்டிடம். சீனியருக்கு ஜூனியரைவிட ஐந்து வயதுதான் கூட. அந்த சீனியர்தான் பிற்பாடு கனடாவின் முதல் பிரதமர். 1861இல் சட்டமன்றத்தில் பேச்சு முற்றி, மெக்டொனால்ட் அவரை நாய்க்குட்டி என்று திட்டி, அறைந்துவிடுவேன் என்று பாய்ந்திருக்கிறார். குள்ளமான, கண்ணாடி போட்ட மோவாட் அதற்கெல்லாம் கணக்குத் தீர்த்தது கோர்ட்டில், மாகாண அதிகாரத்துக்காக வழக்காடி.

எனக்குப் பிடித்தது ஹாட்ஜ் வழக்கு. சட்டக் கல்லூரியில் அதிகார ஒப்படைப்புப் பாடத்தில் ஒரு வரியாக வந்துபோகும். டொராண்டோவில் மதுக்கடை வைத்திருந்த ஹாட்ஜ், சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு மேல் கடையில் பில்லியர்ட்ஸ் ஆட விட்டார். அபராதம் 20 டாலர். இப்படித் தடைபோட மாகாணத்துக்கு ஏது அதிகாரம் என்று கிளம்பிய வழக்கு அன்றைக்குக் கனடாவுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்விட்டது! 1883இல் தீர்ப்பு: தனக்கென்று ஒதுக்கிய விஷயங்களில் மாகாண சட்டமன்றத்தின் அதிகாரம் முழுமையானது, அது யாருடைய ஏஜென்டும் கிடையாது. ஒரு பில்லியர்ட்ஸ் மேசையை வைத்து இவ்வளவு.

அப்புறம் மனிடோபாவோடு எல்லைத் தகராறு. ராட் போர்ட்டேஜ் என்ற ஊரில் (இப்போது கெனோரா) இரண்டு மாகாணப் போலீசும் ஒருவரை ஒருவர் கைது செய்யும் அளவுக்குப் போனது. 1884இல் மோவாட்டே லண்டன் போய் வாதாடி ஜெயித்தார்.

கடைசியில் பிரதமர் லாரியேயின் மத்திய அரசில் கொஞ்ச நாள் நீதி அமைச்சர், பிறகு மாகாணத்தில் ராணியின் பிரதிநிதியான லெப்டினன்ட் கவர்னர். 1903இல் காலமானார்.

அவர் ஜெயித்ததில் ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். அந்த எல்லைப் பகுதிக் காட்டு மரம் ஒட்டாவாவுக்கா (மத்திய அரசுக்கா) ஒன்ராறியோவுக்கா என்ற வழக்கில் 1888இல் மாகாணத்துக்கே தீர்ப்பானது. 1873இல் அரசோடு ஒப்பந்தம் போடும் வரை அது ஒஜிப்வே பழங்குடி மக்களின் நிலம். வழக்கில் அவர்கள் ஒரு தரப்பாகக்கூட இல்லை.